சவளன் என்ற பெயர் வந்த விதம்

பேசாலையில் செபமாலை என்ற பெயரில் மட்டும் பதினொரு பேர் இருக்கிறார்கள். பஸ்ரியன் ஒன்பது. மரியதாஸ் எத்தனை என்று பங்குச் சுவாமிக்கே தெரியாது. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், பாட்டன் பேரையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தால் ஊர் பாவம், என்ன செய்யும்? பட்டப்பெயர் வைத்தது. அது இல்லாவிட்டால் அந்த ஊர்த் தபால்காரர் எப்போதோ வேலையை விட்டிருப்பார். ஆனால் பட்டப்பெயருக்கு ஒரு சட்டம் உண்டு. முதுகுக்குப் பின்னால் நாளுக்கு நூறு தரம் சொல்லலாம். முகத்துக்கு நேரே ஒரு தரமும் சொல்லக்கூடாது.

அந்தச் சட்டத்தைத்தான் பிறின்சி உடைத்தாள். வாயால் சொல்லி உடைத்திருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருக்கலாம். அவள் ஒரு டைனோசருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டாள்.

பிறின்சிக்கு இருபத்தாறு வயது. மன்னார் ரவுணில் கொம்பியூட்டர் படித்துவிட்டு, கொழும்பில் இருக்கும் ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தபடியே படம் கீறிக் கொடுக்கிறாள். சிறுவர்களுக்கு ஒரு டைனோசர் படம், முழுக்கத் தமிழில், நாற்பது நிமிடம். ஒரு முட்டையைக் காப்பாற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகிற கூட்டம். அதைத் துரத்துகிற ஓர் ஊன்தின்னி. கதையெல்லாம் சரி, பெயர்தான் இல்லை. கம்பனிக்காரன் ரிஸ்கானும் மன்னார்த் தீவுக்காரன்தான். அவன் போனில் சொன்னான்:

"வெளிநாட்டுப் படங்களில என்ன செய்யிறாங்கள் தெரியுமோ தங்கச்சி? விஞ்ஞானி வைச்ச நீட்டுப் பேரை எடுத்து, வாலை வெட்டிப்போட்டுத் தலையை மட்டும் வைக்கிறாங்கள். இல்லாட்டி உருவத்தைப் பார்த்து வைக்கிறாங்கள். அது எங்கட பிள்ளையளுக்கு என்னத்துக்கு? கேட்டவுடன பிள்ளை சிரிக்கோணும், இல்லாட்டிப் பயப்பிடோணும். அப்பிடிப் பேர் தா."

சிரிக்கிற பெயர்கள் அரை மணித்தியாலத்தில் கிடைத்தன. நீளக் கழுத்து டைனோசருக்குக் கொடிமரம். கோயில் மணியடிக்கிற நெட்டை மனிதருக்கு ஊர் வைத்த பெயர் அது. எப்போதும் அவசரமாக ஓடுகிற குட்டிக்குப் பந்தயம் என்று, ஐஸ் லொறிக்காரரின் பெயர். ஊன்தின்னிக்குத்தான் மூன்று நாளாக ஒன்றும் சரிவரவில்லை. இடிக்காலன், கொடும்பல்லன் என்றெல்லாம் எழுதிப் பார்த்தாள். வாசித்தபோது அவளுக்கே கொட்டாவி வந்தது. தனக்கு வராத பயம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்?

நாலாம் நாள் மத்தியானம், வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக்காரி பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். "வாயைத் திற. திறக்காட்டிச் சவளன் வாறான்."

பிறின்சியின் முதுகு தானாக நிமிர்ந்தது. கையில் இருந்த பேனை நின்றுவிட்டது. இருபத்தாறு வயதுக் குமரி, வேலை செய்கிறவள், கொழும்புக்குத் தனியே பஸ்ஸில் போய் வருகிறவள், அந்த ஒரு சொல்லுக்கு நாலு வயதுப் பிள்ளையாகி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பெயர் கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டாள். மடைச்சி.

சவளன் என்பது செபமாலைச் சம்மாட்டியார். பதினொரு செபமாலையில் ஆறு படகும் மீன்வாடியும் ஐஸ் அறையும் உள்ளவர் அவர் ஒருவர்தான். இயந்திரப் படகுக்குத் தடை இருந்த சண்டைக் காலத்தில், தன் வலையை அறுத்த ஒருவனை நடுக்கரையில் வைத்துச் சவளால், துடுப்பால், ஒரே ஓர் அடி அடித்தார். தோள் எலும்பு இரண்டாகப் போயிற்று. அன்றைக்கு வந்த பெயர். அடித்தது ஒரு தரம்தான். ஆனால் முப்பத்தைந்து வருடமாக ஊர்த் தாய்மார் எல்லோரும் அந்தச் சவளைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சோறு தீத்துகிறார்கள், நித்திரையாக்குகிறார்கள், கிணற்றடியிலிருந்து கூப்பிடுகிறார்கள். தன்னைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள் என்பது சம்மாட்டியாருக்கு மட்டும் தெரியாது. தெரியப்படுத்துகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

பிறின்சி படம் கீறும்போது கொழும்புப் பிள்ளைகளை நினைத்தாள். கனடாப் பிள்ளைகளை நினைத்தாள். பேசாலைப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள்தான் என்பது அவளுக்கு நினைவுக்கு வரவேயில்லை.

நினைவுபடுத்தியது பங்குச் சுவாமி. ஞாயிறு காலைப் பூசை முடிவில் அறிவித்தல் வாசித்தார். இரண்டு மணிக்குப் பங்கு மண்டபத்தில், நம்முடைய பிறின்சி வேலை செய்த டைனோசர் படம். மறைக்கல்விப் பிள்ளைகள் எல்லோரும் வரவேண்டும். பெற்றோரும் வரலாம். மண்டபத்துக்குப் புதுத் திரையும் ஒலிபெருக்கியும் வாங்கித் தந்த செபமாலைச் சம்மாட்டியார் அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து சிறப்பிப்பார்.

பிறின்சிக்குக் காது அடைத்தது. முன்வாங்கில் இருந்த சம்மாட்டியார் தலையை மெல்ல ஆட்டினார். அவருடைய பிடரி தடித்தது, கறுத்தது, அதில் மூன்று மடிப்பு. பக்கத்தில் பேத்தி ஷறோமி, நாலரை வயது, வாங்கில் ஏறி நின்று அவருடைய காதைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அந்தக் காதைத் தொடக்கூடிய ஒரே ஆள்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் ரிஸ்கானுக்குப் போன் எடுத்தாள். "அண்ணன், அந்தப் பேரை மாத்தோணும். இண்டைக்கே."

"என்ன விளையாடுறியோ? முப்பத்தொரு இடத்தில அந்தப் பேர் வருது. குரல் குடுத்தாக்கள் காசு வாங்கிப் போயிட்டினம். படம் கொழும்பில வெளியில வந்து பத்து நாள். அந்தப் பேர்தான் படத்தின்ர உயிர் எண்டு எல்லாரும் எழுதியிருக்கினம், நீ பாக்கேல்லையே?"

அவள் போனை வைத்தாள். வெயிலில் நின்றுகொண்டிருந்தவளுக்குக் குளிர்ந்தது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய வீடு நிற்பது சம்மாட்டியாரின் தென்னங்காணி மூலையில். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தபோது அவர்களுடைய பழைய வளவு கடற்படை வேலிக்கு உள்ளே இருந்தது. "இந்த மூலையில போட்டுக்கொண்டு இருங்கோ" என்று சம்மாட்டியார் சொன்னார். அவ்வளவுதான். காணி உறுதியும் இல்லை, கடுதாசியும் இல்லை. வாயால் வந்த காணி வாயாலேயே போகும். தகப்பன் பஸ்ரியன் கடலுக்குப் போவதும் அவருடைய படகில்தான். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் திங்கட்கிழமை விடிய அவர்களுக்குக் கூரையும் இல்லை, கடலும் இல்லை.

வீட்டில் தாய் றஞ்சிதம் நல்ல சாறியை எடுத்து ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் படம் என்றால் சும்மாவா?

"அம்மா, அந்தப் படத்தில ஒரு பேர் இருக்கு."

"என்ன பேர்?"

"சவளன்."

றஞ்சிதம் ஸ்திரிக்கைப் பெட்டியைச் சாறியின்மேலேயே வைத்துவிட்டாள். மணம் வந்த பிறகுதான் எடுத்தாள். "ஆருக்கு வைச்சனி?"

"முட்டை தின்ன வாற மிருகத்துக்கு."

தாய் நிலத்தில் குந்திவிட்டாள். ஏசுவாள், அடிப்பாள் என்று பிறின்சி எதிர்பார்த்தாள். றஞ்சிதம் அதைச் செய்யவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதானே உனக்குத் தீத்தினனான். அந்தப் பேரைச் சொல்லாட்டி நீ ஒரு வாய் வாங்கமாட்டாய். நான் எல்லே உன்ர தலைக்குள்ள அதை வைச்சனான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கொப்பருக்குச் சொல்லாதை. அந்த மனுசன் இப்பவே போய்க் காலில விழும். விழுந்தால் இன்னும் வெக்கக்கேடு. ஒருவேளை அவருக்கு விளங்காது."

"அம்மா, ஊருக்கே விளங்கும்."

"நித்திரையாகிப்போவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நித்திரைதான்."

அந்த நித்திரையை நம்பித்தான் இரண்டு பேரும் மண்டபத்துக்குப் போனார்கள். போகாமல் இருக்கலாமா என்று பிறின்சி பத்துத் தரம் யோசித்தாள். போகாவிட்டால் தேடி வருவார்கள்.

மண்டபம் நிரம்பியிருந்தது. பிள்ளைகள் பாயில், பெரியவர்கள் கதிரையில். சம்மாட்டியார் முன்வரிசை நடுவில் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இருந்தார். அவருக்கு வலப்பக்கம் மருமகள், நடுவே ஷறோமி. பின்னால் இரண்டாம் வரிசையில் பஸ்ரியன், சம்மாட்டியாரின் தோளுக்கு மேலால் எட்டி, "என்ர பிள்ளை கீறினது, சம்மாட்டியார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறின்சி சுவரோரம் போய் நின்றாள். கதிரை கொண்டுவந்து தந்தார்கள், இருக்க முடியவில்லை.

படம் தொடங்கியது. கொடிமரம் வந்தது. மண்டபம் சிரித்தது. மணியடிக்கிற மனிதர் தானே எழும்பிக் கையைக் காட்டினார். அதற்கு இன்னும் சிரிப்பு. பந்தயம் ஓடி வந்தது. கடைசி வரிசையிலிருந்து விசில். பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று ஊருக்கு இப்போது தெரிந்துவிட்டது. அடுத்தது யார் என்று ஒவ்வொருவரும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். சம்மாட்டியார் நித்திரை கொள்ளவில்லை. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறின்சிக்குத் தெரியும், ஏழாவது நிமிடம். அவளே கீறிய காட்சி. பனைகள் ஆடும், நிலம் அதிரும், பறவைகள் எழும்பும். பிறகு கொடிமரம் சொல்லும். சொல்லாதே, சொல்லாதே என்று தான் கீறிய மிருகத்தையே மனதுக்குள் கெஞ்சினாள்.

"சவளன் வாறான். ஓடுங்கோ."

பாயில் இருந்த பிள்ளைகள் வீரிட்டார்கள். சாதாரணமாகத் திரையில் ஒரு மிருகத்தைக் கண்டு பிள்ளைகள் போடுகிற கூச்சல் அல்ல அது. உண்மையான பயம். ஒவ்வொரு வீட்டிலும் சோற்றுக் கவளத்தோடு விழுங்கிய பயம். சிலர் தாயிடம் ஓடினார்கள். பெரியவர்களின் கண் முன்வரிசைக்குப் போனது. ஒரு பெண் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினாள். பஸ்ரியனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்ல இறங்கிப்போனது. அவர் திரும்பிச் சுவரோரம் மகளைத் தேடினார். அந்தப் பார்வையைப் பிறின்சி சாகும்வரைக்கும் மறக்கமாட்டாள்.

சம்மாட்டியாரின் பிடரி அசையவில்லை.

அவருக்கு அந்தப் பெயர் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் முதுகுக்குக் காது இருக்கிறதே. கைகள் முழங்காலை விட்டு மேலே வந்தன. எழும்பப்போகிறார் என்று பிறின்சி நினைத்தாள். எழும்பித் திரும்பினால் முதலில் தகப்பனைப் பார்ப்பார். வீடு போயிற்று. அம்மாவின் அடுப்பு, கிணற்றடி, தென்னை மரத்தில் கட்டிய கொடி, எல்லாம் போயிற்று. சுவரில் சாய்ந்தாள்.

அவர் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. ஷறோமி கதிரையால் பாய்ந்து அவருடைய மடியில் ஏறிவிட்டாள். இரண்டு கையாலும் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு கத்தினாள்.

"அப்பப்பா, சவளன். அப்பப்பா, என்னைப் பிடிக்க விடாதேங்கோ."

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. சம்மாட்டியார் பிள்ளையின் முதுகில் கையை வைத்தார். "அது படமெல்லே மகள். படத்தில உள்ளது வெளியில வராது."

"வருவான். எங்கட வீட்டுக்கும் வருவான்."

"எங்கட வீட்டுக்கோ? ஆர் சொன்னது?"

"அம்மா. நான் சோறு சாப்பிடாட்டி வருவானாம். சவளோட வந்து அடிப்பானாம். அடிச்சால் எலும்பு முறியுமாம்."

மருமகள் தலையைக் குனிந்தாள். இன்னும் குனிய இடமிருந்தால் நிலத்துக்குள் போயிருப்பாள். சம்மாட்டியார் அவளைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. திரையில் அவருடைய பெயருள்ள மிருகம் வாயைத் திறந்துகொண்டு நின்றது; அந்த வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்தது. பிறகு அவர் பிள்ளையின் காதுக்குள் சொன்னார்:

"பயப்பிடாதை. அப்பப்பா இருக்கிறன்தானே."

"நீங்கள் அவனுக்கு அடிப்பீங்களோ?"

"ஓம்."

மிச்ச அரை மணித்தியாலமும் அந்தப் பெயர் முப்பது தரம் வந்தது. பிறின்சி எண்ணினாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தரமும் பிள்ளை கழுத்தை இறுக்கியது. ஒவ்வொரு தரமும் அந்தத் தடித்த கை முதுகைத் தடவியது. கடைசியில் முட்டை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. சவளன் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது. யாரும் கைதட்டவில்லை. பிறகு சுவாமி தட்டினார், அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறைக்கல்வி ரீச்சர் வெளியூர்க்காரி, வந்து மூன்று மாதம். ஊர்ப் பட்டப்பெயர் ஒன்றும் தெரியாது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பிறின்சி அக்கா உங்கட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவா" என்று பிறின்சியை இழுத்து முன்னால் விட்டாள்.

முன்னால் என்றால் சம்மாட்டியாருக்கு மூன்று அடி தூரத்தில். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மடியில் இருந்த ஷறோமிதான் முதலில் கேட்டாள். அழுது வீங்கிய முகம். "அக்கா, சவளன் எண்டு ஏன் பேர் வைச்சனீங்கள்? அவன் நிசமா இருக்கிறானோ?"

பிறின்சி நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது சம்மாட்டியாரின் கண் நேரே இருந்தது. பிறந்த நாள் தொட்டு அந்த மனிதரின் கண்ணை அவள் பார்த்ததில்லை. வழியில் கண்டால் வேலியோரம் ஒதுங்குவாள், வாடிக்குப் போனால் அவருடைய செருப்பைத்தான் பார்ப்பாள். கோபம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கோபம் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார். அவள் காலையிலிருந்து எப்படி நடுங்கிக்கொண்டிருந்தாளோ அப்படியே, அதைவிட மோசமாக, ஒரு படகுச் சொந்தக்காரர் நாலரை வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தவன், பிள்ளை," என்றாள் பிறின்சி. "முந்தி இருந்தவன். இப்ப இல்லை. போயிட்டான்."

"எங்க?"

"தூர. கடலுக்கு அங்கால. இனி வரமாட்டான்."

ஷறோமி பாட்டனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "மெய்யே அப்பப்பா?"

அவர் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "ஓம் மகள். போயிட்டான்."

மண்டபம் கலைந்தபோது பஸ்ரியன் கைகளைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றார். றஞ்சிதம் அவருக்குப் பின்னால், பொசுங்கிய சாறியோடு. சம்மாட்டியார் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். நேரே வந்தார். பஸ்ரியன் வாயைத் திறந்தார். "சம்மாட்டியார், பிள்ளை அறியாமல்..."

"நாளைக்கு வெள்ளனவே வா, பஸ்ரியன். காத்து மாறுது." அவ்வளவுதான் அவருக்குச் சொன்னது. பஸ்ரியனின் தோள்கள் இறங்கின. றஞ்சிதம் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவர் பிறின்சியைக் கொஞ்சம் தள்ளி வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் போனாள்.

தோளில் பிள்ளை இருந்தபடியால் மிக மெதுவாகக் கேட்டார். "நீயும் அப்பிடித்தானோ சோறு திண்டனி?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஊரில எல்லாப் பிள்ளையளுமோ?"

அதற்கும் ஆட்டினாள்.

"நான் தின்ன ரொபி குடுத்தால் பிள்ளையள் ஓடுதுகள். வெக்கத்தில ஓடுதுகள் எண்டு நினைச்சனான்." அவர் பிள்ளையின் இரண்டு பாதங்களையும் கைக்குள் பிடித்துக்கொண்டார். "தையில இவள் பள்ளிக்கூடம் போறாள். அவன் ஆரெண்டு அங்க ஆரும் சொல்லிப்போடுவாங்கள், என்ன?"

பிறின்சி பொய் சொல்ல நினைத்தாள். மண்டபத்தில் ஒரு பொய் வந்தது. இப்போது இன்னொன்று வரவில்லை. தைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள்.

"தெரியாது, சம்மாட்டியார்," என்றாள்.

அவர் நடக்கத் தொடங்கினார். ஒழுங்கையால் வந்தவர்கள் வழமைபோல வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கினார்கள். தோளின் மேலே இருந்த ஷறோமிக்குப் பயமெல்லாம் போய்விட்டது. ஒதுங்கி நின்ற ஒவ்வொருவருக்கும் அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டு போனாள்.

"சவளன் போயிட்டான். இனி ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. சவளன் போயிட்டான்."

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சம்மாட்டியார் அந்தச் சின்னப் பாதங்களை விடாமல் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு, கடைத்தெருப் பக்கம் போகாமல் கடற்கரை வழியால் வீட்டுக்குப் போனார்.